கொசு விரட்ட எரித்த போர்வை... மியூசியம் சுவர் ஏறிய கதை!

வீட்டுக்கு வெளியே விறகு அடுக்கி வைத்திருக்கிறார்கள். அந்த அடுக்கின் மேல் ஒரு போர்வை விரித்துப் போடப்பட்டிருக்கிறது. வேலைக்குப் போட்டுப் போட்டு வெளுத்துப்போன ஜீன்ஸ் துணிகளை வெட்டி, ஒட்டுப்போட்டுத் தைத்த போர்வை. நடுவில் மட்டும் பளிச்சென்று சில கார்ட்ராய் பட்டைகள். பக்கத்தில் அதைத் தைத்த ஆனி மே யங். ரோலண்ட் ஃப்ரீமேன் என்ற புகைப்படக்காரர் எடுத்த படம் இது.

1990-களின் கடைசியில் இந்தப் படத்தை ஒரு புத்தகத்தில் பார்த்தார் வில்லியம் ஆர்னெட். கலைப்பொருள்களைத் தேடித் தேடிச் சேர்ப்பவர். போர்வையை நேரில் பார்த்தே ஆக வேண்டும் என்று அலபாமா மாநிலத்தின் உள்ளடங்கிய கிராமம் ஒன்றுக்குப் போய், ஆனி மே யங் வீட்டைக் கண்டுபிடித்துவிட்டார். ஆனால் அங்கே கிடைத்த பதில் அவரைத் தூக்கிவாரிப் போட்டது. போன வாரம்தான் சில போர்வைகளைப் போட்டு எரித்தேன் என்றாராம் அந்த அம்மா. பருத்தித் துணி எரிகிற புகைக்குக் கொசு அண்டாது!

நல்லவேளையாக, அலமாரிகளிலும் கட்டிலுக்கு அடியிலும் துழாவியதில் படத்தில் இருந்த போர்வை அகப்பட்டது. அதற்கும் இன்னும் சில போர்வைகளுக்கும் சேர்த்துச் சில ஆயிரம் டாலர் தருவதாகச் சொன்னார் ஆர்னெட். கொசு விரட்டப் பயன்பட்ட துணிக்கு ஆயிரக்கணக்கில் பணமா என்று அங்கே யாராக இருந்தாலும் திகைத்துத்தான் போயிருப்பார்கள்.

இன்று அந்தப் போர்வை நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்துக்குச் சொந்தம். எரிந்து சாம்பலானவையும் இதுவும் ஒரே கை தைத்தவைதான். ஒன்று அடுப்புச் சாம்பலைப் போலக் கொட்டப்பட்டது, இன்னொன்று கண்ணாடிக்கதவு போட்ட கட்டடத்துக்குள் போனது. போர்வையை எங்கே விரிக்கிறோம் என்பது அதன் தலையெழுத்தையே மாற்றிவிடுகிறது.

பசிக்குப் பிறந்த ஒட்டுத்துணி

குயில்ட் என்பது மூன்று அடுக்குத் துணி. மேலே ஒட்டுத்துணிகளை இணைத்துத் தைத்த ஒரு பரப்பு, நடுவில் பஞ்சு, அடியில் இன்னொரு துணி. மூன்றும் விலகாமல் இருக்க, முழுவதும் ஊசியால் ஓட்டித் தைத்துவிடுவார்கள். குளிர் தேசங்களில் இது அலங்காரப் பொருள் அல்ல. இல்லாவிட்டால் ராத்திரி தூங்க முடியாது.

ஆனி மே யங்கின் ஊர் பெயர் ஜீஸ் பெண்ட். அலபாமா ஆறு ஓரிடத்தில் கொண்டை ஊசி போல வளைந்து ஓடுகிறது. அந்த வளைவுக்குள் மூன்று பக்கமும் தண்ணீர் சூழக் கிடக்கிற நிலம்தான் ஊர். 1816-ல் ஜோசப் ஜீ என்ற வெள்ளைக்காரப் பண்ணையார் அடிமைகளோடு வந்து அங்கே பருத்தி பயிரிட்டார். பிறகு பண்ணை பெட்வே என்ற உறவுக்காரர் கைக்கு மாறியது. 1846-ல் அவர் வட கரோலினாவிலிருந்து அலபாமா வரை சுமார் 100 அடிமைகளை நடத்தியே கூட்டி வந்தார். அடிமைகளுக்கு முதலாளியின் குடும்பப் பெயரே ஒட்டிக்கொண்டது. ஜீஸ் பெண்ட் போர்வைகளைப் பற்றிப் படித்தால் அந்த பெட்வே, இந்த பெட்வே என்று தலைசுற்றும். எல்லோரும் சொந்தக்காரர்கள் என்பதால் அல்ல, ஒரு பண்ணையாரின் பெயர் எல்லோர் மேலும் விழுந்ததால்.

அடிமை முறை ஒழிந்த பிறகும் பெரிதாக ஒன்றும் மாறிவிடவில்லை. குத்தகைக்கு உழுதார்கள், கடனுக்கு விதை வாங்கினார்கள். 1932-ல் அவர்களுக்குக் கடன் கொடுத்து வந்த வியாபாரி இறந்துபோக, அவர் மனைவி பாக்கியை வசூலிக்க ஆள் அனுப்பினார். சுமார் 60 குடும்பங்களின் மாடு, கோழி, கலப்பை, சேமித்து வைத்த தானியம் எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அந்தக் குளிர்காலத்தில் ஊர் உயிர் பிழைத்தது செஞ்சிலுவைச் சங்கம் கொடுத்த உணவால்.

1937-ல் அரசாங்கத்துக்காகப் படம் எடுக்க ஆர்த்தர் ராத்ஸ்டீன் அங்கே போனார். மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டிய வீடுகள். கட்டைகளின் இடுக்கு வழியே குளிர்காற்று அடிக்காமல் இருக்க, உள்சுவர் முழுக்கப் பழைய செய்தித்தாளும் பத்திரிகைப் பக்கங்களும் ஒட்டியிருந்தார்கள். கட்டிலில் போர்வை மேல் போர்வையாக அடுக்கிக்கொண்டு குழந்தைகள் உறங்கின. அந்த வீடுகளில் போர்வைதான் ஹீட்டர்.

கொடிதான் கண்காட்சி

வயலில் உழைத்துக் கிழிந்த பேன்ட், முழங்காலில் நைந்த ஓவரால்ஸ், மாவு மூட்டைத் துணி, பழைய கவுன் என எதுவும் வீணாகாது. பாக்கெட்டைப் பிரித்து எடுத்தால் அது இருந்த இடம் மட்டும் வெளுக்காமல் கரு நீலமாக இருக்கும். அந்தக் கரு நீலத்தையும் வெளுத்த நீலத்தையும் எதிரெதிரே வைத்துத் தைப்பார்கள். வரைபடம் கிடையாது, அளவுநாடாவும் அநேகமாகக் கிடையாது. கூரையை மேலிருந்து பார்த்த மாதிரி சதுரத்துக்குள் சதுரமாகப் போகிற 'ஹவுஸ்டாப்' என்ற வடிவம் அந்த ஊரில் பிரபலம். ஆனால் ஒருத்தர் தைத்த மாதிரி இன்னொருத்தர் தைக்க மாட்டார். யார் வழி அவரவர் வழி.

குளிர்காலம் தொடங்கும் முன்பு எல்லாப் போர்வைகளையும் வெளியே எடுத்து, கொடியிலும் வேலியிலும் போட்டுக் காற்றாட விடுவார்கள். அதுதான் அந்த ஊரின் கண்காட்சி. டிக்கெட் இல்லை, ரிப்பன் வெட்டவில்லை. சாலையில் நடந்து போகிறவர்கள் அண்டை வீட்டுக் கொடியைப் பார்ப்பார்கள், இந்த வருஷம் என்ன புதுசாகத் தைத்திருக்கிறாள் என்று மனதில் குறித்துக்கொள்வார்கள், வீட்டுக்கு வந்து வேறு மாதிரி தைத்துப் பார்ப்பார்கள். நம் தெருவில் மார்கழிக் கோலம் வளர்வது மாதிரிதான் இதுவும்.

இந்தக் கொடிதான் பிறகு அவர்களை வெளியுலகத்துக்கும் காட்டிக்கொடுத்தது. 1960-களில் கறுப்பின மக்கள் ஓட்டுரிமைக்காகப் போராடிக்கொண்டிருந்த நேரம். ஓட்டுக்குப் பதிவு செய்ய, ஆற்றைக் கடந்து எதிர்க்கரையில் இருக்கும் கேம்டன் நகரத்துக்குப் போக வேண்டும். 1962-ல் படகுப் போக்குவரத்தையே நிறுத்திவிட்டார்கள். எதிரே கண்ணுக்குத் தெரிகிற ஊருக்குச் சாலை வழியே சுற்றிக்கொண்டு போனால் ஒரு மணி நேரம். 1965 பிப்ரவரியில் மார்ட்டின் லூதர் கிங் இங்கே வந்து பேசினார். அந்தப் படகு மறுபடி ஓட ஆரம்பித்தது எப்போது தெரியுமா? 2006-ல்!

1965 டிசம்பரில் அந்தப் பக்கமாகக் காரில் போன பாதிரியார் ஃபிரான்சிஸ் எக்ஸ். வால்டர், ஒரு வீட்டுக் கொடியில் தொங்கிய மூன்று போர்வைகளைப் பார்த்து வண்டியை நிறுத்தினார். உரிமைப் போராட்டத்தில் இறங்கியதற்காக நிலத்தையும் வேலையையும் இழந்த குடும்பங்களுக்கு இதை வைத்து வருமானம் தேட முடியுமா என்று யோசித்தார். போர்வைகளை வாங்கி நியூயார்க்கில் ஏலம் விட்டார்கள். 1966-ல் பெண்களே நடத்தும் கூட்டுறவாக 'ஃப்ரீடம் குயில்டிங் பீ' பிறந்தது. பெரிய பெரிய கடைகளிலிருந்து ஆர்டர்கள் வந்தன. 1972-ல் சியர்ஸ் நிறுவனத்துக்குக் கார்ட்ராய் துணியில் தலையணை உறைகள் தைத்தார்கள். மிச்சம் விழுந்த கார்ட்ராய் துண்டுகள் வீட்டுக்கு வந்து போர்வையில் சேர்ந்தன. ஆனி மே யங்கின் ஜீன்ஸ் போர்வையும் 1976-ல் தைத்ததுதான்.

வருமானம் வந்தது நல்ல விஷயம். ஆனால் கடைக்காரர்களுக்கு எல்லாம் ஒரே அளவில், ஒரே டிசைனில் வேண்டும். 'அவரவர் வழி' என்பதற்கு அங்கே இடமில்லை. மனம் போனபடி தைத்த போர்வைகள் வீட்டுக் கட்டிலிலேயே கிடந்தன. பின்னாளில் உலகம் கொண்டாடியது அவற்றைத்தான் என்பது வேடிக்கை.

சுவர் ஏறியபோது...

போர்வையைச் சுவரில் ஓவியம் மாதிரி மாட்டலாம் என்று அமெரிக்கா பெரிய அளவில் கண்டுகொண்டது 1971-ல். ஜொனாதன் ஹோல்ஸ்டீன், கெயில் வான் டெர் ஹூஃப் என்ற இருவர் தாங்கள் சேகரித்த பழைய குயில்ட்களை நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்தில் மாட்டிக் காட்டினார்கள். கூட்டம் அள்ளியது. நவீன ஓவியர்கள் கேன்வாஸில் செய்ததை இந்தப் பெண்கள் எப்போதோ துணியில் செய்துவிட்டார்கள் என்று விமர்சகர்கள் வியந்தார்கள்.

ஆனால் யார் அந்தப் பெண்கள்? வடிவமும் நிறமும் மட்டும்தான் அங்கே பேசப்பட்டன. தைத்தவர் யார், யாருக்காகத் தைத்தார் என்ற கேள்விகள் பின்னால் போயின. கட்டிலிலிருந்து சுவருக்கு ஏறும்போது ஒரு போர்வைக்கு மதிப்பு கூடும், கதை உதிர்ந்துவிடும் என்பதற்கு அந்தக் கண்காட்சியை இன்றும் உதாரணம் காட்டுகிறார்கள்.

31 ஆண்டுகள் கழித்து, 2002-ல் ஜீஸ் பெண்ட் போர்வைகள் அதே விட்னியின் சுவர் ஏறின. முதலில் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகம், பிறகு விட்னி, பிறகு அமெரிக்கா முழுக்கப் பல நகரங்கள். இந்த முறை ஒவ்வொரு போர்வைக்குப் பக்கத்திலும் தைத்தவரின் பெயர் இருந்தது. தங்கள் கைவேலை பெரிய வெள்ளைச் சுவரில் தொங்குவதை ஜீஸ் பெண்ட் பெண்கள் பலர் நேரில் போய்ப் பார்த்தார்கள். 2006-ல் அமெரிக்க அஞ்சல்துறை 10 போர்வைகளைத் தபால்தலையாகவே அச்சடித்தது. 39 சென்ட் ஸ்டாம்ப்!

அந்தக் கண்காட்சிப் போர்வைகளில் ஒன்றைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். மிசௌரி பெட்வே என்பவர் 1942-ல் தைத்தது. அவர் கணவர் இறந்துபோனார். கணவர் வயலுக்குப் போட்டுக்கொண்டு போன உடுப்புகளை எல்லாம் எடுத்து, மகளையும் உட்கார்த்தி வைத்துக்கொண்டு கிழித்து, போர்வையாகத் தைத்தார். அவரை நினைத்துக்கொண்டு அதையே போர்த்திப் படுப்பதற்காக. பின்னாளில் இதை உலகத்துக்குச் சொன்னவர் அந்த மகள் ஆர்லோன்ஸியா பெட்வே. நீலமும் சாம்பலும் பழுப்புமாக வெளுத்துப்போன அந்தத் துணி 2020-ல் வாஷிங்டனில் உள்ள தேசிய ஓவியக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. கதை தெரியாதவர்களுக்கு அது நல்ல நிறச் சேர்க்கை. தெரிந்தவர்களுக்கு, ஒரு மனிதரின் முழங்கால் தேய்ந்த இடம்.

புகழ் வந்தால் பஞ்சாயத்தும் வரும். போர்வைகளின் டிசைன் விரிப்பு, சுவர்ப்படம் என்று கடைகளுக்கு வந்தபோது, அதில் எங்களுக்கு என்ன பங்கு என்ற கேள்வி எழுந்தது. 2007-ல் மூன்று பெண்கள் ஆர்னெட் தரப்பின் மீது வழக்குத் தொடர்ந்தார்கள். அவர்களில் ஒருவர், அந்த விறகு அடுக்குப் படத்தில் நின்ற ஆனி மே யங்கேதான். அடுத்த ஆண்டு வழக்குகள் சமரசத்தில் முடிந்தன. ஊரில் இதைப் பற்றி இரண்டு விதமாகவும் பேசினார்கள். அவர் வராவிட்டால் எங்களை யாருக்குத் தெரியும் என்றவர்களும் உண்டு, எங்கள் உழைப்பில் யாரோ வாழ்ந்தார்கள் என்றவர்களும் உண்டு. சுவரில் மாட்டிய துணி யாருடையது என்பது அவ்வளவு சுலபமான கேள்வி இல்லை.

2021-லிருந்து அந்த ஊர்ப் பெண்கள் சிலர் எட்ஸி என்ற ஆன்லைன் சந்தையில் தாங்களே கடை போட்டு, தாங்களே விலை வைத்து விற்கிறார்கள். 2022 அக்டோபரில் ஊரில் ஒரு திருவிழா தொடங்கியது. பெயர், 'ஏரிங் ஆஃப் தி குயில்ட்ஸ்'. போர்வைகளைக் காற்றாட விடும் விழா! பழைய காலத்தில் பாட்டிகள் செய்த மாதிரியே கொடியிலும் வேலியிலும் திண்ணையிலும் போர்வைகளைத் தொங்கவிடுகிறார்கள். பார்க்க வருகிறவர்கள் தைத்தவரிடமே கதை கேட்டு, தைத்தவரிடமே வாங்கலாம். மியூசியம் வரை போன போர்வை, சுற்றி வந்து கொடிக்கே திரும்பியிருக்கிறது.

தரையில் விரித்த துக்கம்

ஜீஸ் பெண்ட் போர்வைகள் போர்த்திக்கொள்ளத் தைத்தவை, பிறகு காட்சிக்குப் போனவை. யாரும் போர்த்திக்கொள்ளாமல், எல்லோரும் பார்க்க வேண்டும் என்பதற்காகவே தைத்த ஒரு குயில்ட்டும் உண்டு. உலகிலேயே பெரிது.

1985 நவம்பர். சான் ஃபிரான்சிஸ்கோவில் மெழுகுவத்தி ஊர்வலம். எய்ட்ஸால் நகரத்தில் மரணங்கள் கூடிக்கொண்டே போன காலம். எய்ட்ஸில் இறந்த உங்கள் நண்பர்களின் பெயரை அட்டையில் எழுதிக்கொண்டு வாருங்கள் என்று க்ளீவ் ஜோன்ஸ் என்ற இளைஞர் கேட்டுக்கொண்டார். ஊர்வல முடிவில் அந்த அட்டைகளை மத்திய அரசுக் கட்டடத்தின் சுவரில் ஒட்டினார்கள். தள்ளி நின்று பார்த்த ஜோன்ஸுக்கு அது ஒட்டுத்துணிப் போர்வை மாதிரித் தெரிந்தது. அவ்வளவுதான், யோசனை பிறந்துவிட்டது.

ஒருவருக்கு ஒரு துண்டு. அளவு 3 அடிக்கு 6 அடி. ஏன் அந்த அளவு? ஒரு ஆளைப் புதைக்கிற குழியின் அளவு அது. அப்போது எய்ட்ஸில் இறந்தவர்களின் உடலைத் தொடவே சில இறுதிச்சடங்கு நிலையங்கள் மறுத்தன. சில குடும்பங்கள் என்ன நோய் என்பதையே மறைத்தன. கல்லறை கிடைக்காதவர்களுக்கும் பெயர் சொல்ல ஆளில்லாதவர்களுக்கும் இந்தத் துணி கல்லறையானது. இறந்தவரின் சட்டை, ஜீன்ஸ், கரடி பொம்மை, புகைப்படம் எல்லாம் அதில் தைக்கப்பட்டன. தையலே தெரியாதவர்கள் பசையால் ஒட்டினார்கள், ஸ்ப்ரே பெயின்ட்டால் எழுதினார்கள்.

1987 அக்டோபர் 11 அன்று வாஷிங்டனில் நாடாளுமன்றக் கட்டடத்துக்கு எதிரே உள்ள தேசிய மைதானத்தில் 1,920 துண்டுகளைத் தரையில் விரித்தார்கள். சுவரில் மாட்டினால் அண்ணாந்து பார்ப்பீர்கள். தரையில் கிடந்தால் குனிந்தாக வேண்டும். நடக்க நடுவில் பாதை விட்டிருந்தார்கள். வெள்ளை உடையில் தன்னார்வலர்கள் மடிப்புகளை ஒவ்வொன்றாகப் பிரித்து விரிக்க, ஒலிபெருக்கியில் பெயர்களை வாசித்தார்கள். 1996-ல் கிட்டத்தட்ட 40,000 துண்டுகள் அந்த மைதானத்தையே மூடின. முழுக் குயில்ட்டும் ஒரே இடத்தில் விரிக்கப்பட்டது அதுவே கடைசி. இன்று சுமார் 50,000 துண்டுகள், 54 டன் எடை! இனி எந்த மைதானத்தில் விரிப்பது? 8 துண்டுகளைச் சேர்த்து 12 அடிச் சதுரமாகத் தைத்து மடித்து வைத்திருக்கிறார்கள். பள்ளிகளுக்கும் அலுவலகங்களுக்கும் வழிபாட்டுத் தலங்களுக்கும் பகுதி பகுதியாகக் காட்சிக்குப் போகிறது. முழுவதையும் இப்போது ஆன்லைனில், உங்கள் போனிலேயே பெயர் போட்டுத் தேடிப் பார்க்கலாம்.

பக்கத்து மாநிலத்து 'கவண்டி'

இவ்வளவு தூரம் போவானேன், நம் பக்கத்து மாநிலத்திலேயே ஒரு அற்புதம் இருக்கிறது. கர்நாடகத்தின் உத்தர கன்னடா மாவட்டத்தில் சித்தி மக்கள் வாழ்கிறார்கள். பல நூற்றாண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வம்சம். அவர்களின் பெண்கள் தைக்கிற ஒட்டுத்துணிப் போர்வைக்குக் கவண்டி என்று பெயர். பழைய சேலை ஒன்றை அடியில் விரித்து, ஓர் ஓரத்தில் தொடங்கி, துண்டு துண்டாக வைத்து ரன்னிங் ஸ்டிட்ச் போட்டபடி சுற்றிச் சுற்றி உள்ளே போவார்கள். தையல் நடுவில் வந்து முடியும். நான்கு மூலைகளிலும் மடித்த துணியில் ஒரு 'பூ' வைப்பார்கள். அந்தப் பூ இல்லாத கவண்டி அம்மணமாக இருக்கிற மாதிரி என்பது அவர்கள் வழக்கு. இந்தக் கவண்டிகள் அமெரிக்காவில் காட்சிக்கு வைக்கப்பட்டபோது, ஜீஸ் பெண்ட் போர்வைகளோடு ஒப்பிட்டுப் பேசாதவர்கள் குறைவு.

வங்காளத்துக் காந்தா வேலைப்பாடு எல்லோருக்கும் தெரியும். பழைய சேலைகளை அடுக்கி, அவற்றின் கரையிலிருந்தே நூலை உருவித் தைத்தவை அவை. 'காந்தா'வும் நாம் சொல்கிற 'கந்தை'யும் ஒரே வேர்ச்சொல்தான். அங்கே கலைப்பொருளாகிவிட்டது, இங்கே கிழிசல் துணியாகவே நின்றுவிட்டது!

நம் வீட்டுச் சுவருக்கு...

அம்மாவோ பாட்டியோ கட்டிய சேலைகளை வெட்டிப் போட மனமில்லாமல் போர்வையாகத் தைத்து வைத்துக்கொள்வது இப்போது நம் வீடுகளிலும் நடக்கிறது. தைத்து முடித்ததும் வருகிற குழப்பம் ஒன்றுதான். பயன்படுத்தினால் கிழிந்துவிடுமோ, மாட்டினால் வெளுத்துவிடுமோ என்று பயந்து பீரோவுக்குள் போட்டுப் பூட்டிவிடுகிறோம். யாரும் பார்க்காத ஒன்றுக்கு இவ்வளவு மெனக்கெட்டிருக்க வேண்டுமா?

மியூசியங்களுக்கும் இதே குழப்பம் உண்டு. துணிக்கு முதல் எதிரி வெளிச்சம். வெயில் மட்டுமல்ல, டியூப்லைட்டும் சேர்த்துத்தான். வெளுத்த நிறம் எந்த வைத்தியத்துக்கும் திரும்பி வராது, பட்ட வெளிச்சமெல்லாம் கணக்கில் ஏறிக்கொண்டே இருக்கும். அதனால்தான் மியூசியத்தில் துணி இருக்கும் அறை மங்கலாக இருக்கிறது. வழக்கமாக 50 லக்ஸ் அளவுதான் வெளிச்சம் வைப்பார்கள். சில மாதம் காட்டுவது, பிறகு நீண்ட நாள் இருட்டில் ஓய்வு. வீட்டிலும் இதையே செய்யலாம். இரண்டு போர்வை இருந்தால் முறை வைத்து மாற்றுங்கள். ஒன்றுதான் இருக்கிறது என்றால் விசேஷ நாள்களுக்கு எடுத்து மாட்டி, முடிந்ததும் உள்ளே வையுங்கள். கொலு பொம்மைகளை அப்படித்தானே செய்கிறோம்?

எந்தச் சுவர் என்பது முக்கியம். நேர் வெயில் விழுகிற சுவர் வேண்டாம். சமையலறைக்கு எதிர்ச்சுவரும் வேண்டாம், தாளிப்புப் புகை எண்ணெயாகப் படியும். மழைக்காலத்தில் ஓதம் ஏறுகிற வெளிச்சுவரில் மாட்டினால் பின்பக்கம் பூஞ்சை பிடிப்பது நமக்குத் தெரியவே தெரியாது. வீட்டுக்குள் இருக்கிற நடுச்சுவர்தான் நல்லது.

ஆணி அடித்து மூலையில் மாட்டுவது, கிளிப் போடுவது இரண்டும் தப்பு. போர்வையின் மொத்த எடையும் அந்த இரண்டு புள்ளிகளில் இழுத்து, கொஞ்ச நாளில் துணி அங்கேயே விட்டுப்போகும். காடா துணியில் 4 அங்குல அகலத்துக்கு, போர்வையின் அகலம் முழுக்க வருகிற மாதிரி ஒரு குழல் தைத்துக்கொள்ளுங்கள். ஜன்னல் திரைக்கு மேலே மடித்துத் தைப்போமே, அதே மாதிரி. அதைப் போர்வையின் பின்பக்கம் மேல் ஓரத்தில் கையால் தைக்க வேண்டும். ஊசி அடித்துணியையும் பஞ்சையும் மட்டும் பிடிக்கட்டும், முன்பக்கம் எட்டிப் பார்க்க வேண்டாம். குழல் கொஞ்சம் தளர்வாக இருந்தால் கம்பியின் புடைப்பு முன்னால் தெரியாது. அதற்குள் திரைக்கம்பியைச் செருகிப் பிராக்கெட்டில் வைத்துவிட்டால் எடை சீராகப் பரவும். துருப்பிடிக்கிற இரும்புக் கம்பி கூடாது.

பழைய பட்டுச் சேலைத் துண்டுகள் இருக்கிற போர்வை என்றால் தொங்கவே விடாதீர்கள். பட்டு நைந்திருந்தால் தன் எடையையே தாங்காது. கட்டில் மேலோ திவான் மேலோ படுக்கை வசமாக விரித்து வையுங்கள், போதும். துவைப்பதற்கு முன்னால் ஈரமான வெள்ளைத் துணியை ஒவ்வொரு நிறத்தின் மேலும் ஒற்றிப் பாருங்கள். சாயம் ஒட்டினால் தண்ணீரில் முக்க வேண்டாம். உலர்த்துவது நிழலில்.

உள்ளே வைக்கும்போது பாலித்தீன் கவர் வேண்டவே வேண்டாம், ஈரம் வெளியேறாமல் புழுங்கிப் பூஞ்சை வரும். நன்றாக அலசிக் காயவைத்த பழைய வெள்ளை வேட்டியில் சுற்றி வையுங்கள். அந்துருண்டையைத் துணியின் மேல் நேரடியாகப் போடாதீர்கள். ஒரே மடிப்பில் வருஷக்கணக்கில் விட்டால் மடிப்புக் கோட்டிலேயே துணி இற்றுப்போகும். சில மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்ற வேண்டும். இந்த விதியை மியூசியக்காரர்கள் சொல்லித்தான் நமக்குத் தெரிய வேண்டும் என்றில்லை. கல்யாணப் பட்டை மடிப்பு மாற்றி வைக்காத பாட்டி யார் இருக்கிறார்?

மாட்டுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய இன்னொரு வேலை, ஒரு பத்து நிமிஷ வேலைதான். பின்பக்கம் கீழ் மூலையில் உள்ளங்கை அளவுக்கு வெள்ளைத்துணி ஒன்றைத் தைத்து, அதில் நூலாலோ அழியாத பேனாவாலோ எழுதி வைத்துவிடுங்கள். தைத்தவர் யார், எந்த ஊர், எந்த வருஷம், யார் யாருடைய சேலைகள். அந்த மாம்பழ நிறத் துண்டு அத்தையின் வளைகாப்புப் புடவை என்பது இன்று உங்களுக்குத் தெரியும். பேத்திக்குத் தெரியாது.